மன்றத் தேடல் கைவிடும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

இணைய மன்றத்துக்குப் புதிதாக வந்தவர் "தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை" என்கிறார். பழைய உறுப்பினர் "யாருமே தேடுவதில்லை, கேட்டதையே கேட்கிறார்கள்" என்கிறார். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான். பதில் மன்றத்தில் எங்கோ இருக்கிறது. புதியவர் தட்டும் சொல் அந்தப் பதில் இருக்கும் திரியை (ஒரு கேள்வியும் அதன் பதில்களும் சேர்ந்த தொடரை) போய்ச் சேருவதில்லை. எங்கே தடைபடுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் இரண்டு புகார்களும் சேர்ந்தே குறையும்.

தேடுபவர் என்ன செய்யலாம், பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் எதைத் திருத்தலாம், நிர்வாகி எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதை ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எழுதியிருக்கிறோம். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை

இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய திரியைத் திறங்கள். அதன் நடுப்பகுதியில் உள்ள ஒரு பதிவிலிருந்து, மற்ற இடங்களில் அதிகம் வராத ஒரு சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பிறகு அதே சொல்லை நீங்களே தட்டச்சு செய்து இன்னொரு முறை தேடுங்கள்.

இரண்டு முறையும் திரி கிடைத்தால் தேடல் கருவியில் கோளாறு இல்லை. நீங்கள் வழக்கமாகப் போடும் சொற்களில்தான் சிக்கல். ஒட்டினால் கிடைத்து, தட்டினால் கிடைக்காவிட்டால் எழுத்துக் குறிமுறையில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையில், சிக்கல். இரண்டு முறையும் கிடைக்காவிட்டால் இன்டெக்ஸில் (தேடுவதற்காக மென்பொருள் வைத்திருக்கும் சொற்பட்டியலில்) அந்தச் சொல் ஏறவே இல்லை, அல்லது அந்தப் பகுதியில் தேட உங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதியை முதலில் பாருங்கள்: பிரைவேட் விண்டோவில், உள்நுழையாமல், அதே திரியின் முகவரியைத் திறங்கள். உள்நுழையச் சொல்லும் பக்கம் வந்தால், கணக்கு தொடங்காத புதியவருக்கும் வெளித் தேடுபொறிக்கும் அந்தத் திரி இல்லாததற்குச் சமம்.

அறிகுறி: சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் முடிவு பூஜ்யம்

இதற்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது சொல்லின் நீளம். மன்ற மென்பொருள்கள் மிகச் சிறிய சொற்களை இன்டெக்ஸில் ஏற்றுவதில்லை. பதிவுகளைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் மைஐசாம் வகை டேபிளுக்குக் குறைந்தபட்சச் சொல் நீளம் இயல்பாக 4. இன்னோடிபி வகைக்கு 3. பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளின் சொந்தத் தேடலில் குறைந்தபட்சம் 3, அதிகபட்சம் 14. டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு மன்ற மென்பொருளில் குறைந்தபட்சம் 3.

தமிழில் இந்த எண்ணிக்கை நாம் கண்ணால் எண்ணுவதைப் போல இருக்காது. மென்பொருள் எண்ணுவது யூனிகோட் குறிகளை: உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். "கை" என்பது நமக்கு ஓர் எழுத்து, அதற்கு 2 குறிகள். "பல்" 3 குறிகள், "படம்" 4, "தமிழ்" 5. எனவே குறைந்தபட்சம் 4 என்று வைத்த மன்றத்தில் "பல்", "வலை" இரண்டும் கிடைக்காது. மறுமுனையில், "விசைப்பலகையிலிருந்து" என்ற சொல்லுக்கு 20 குறிகள். அதிகபட்சம் 14 என்று இருந்தால் அது இன்டெக்ஸில் ஏறாது. வேற்றுமை உருபுகள் சேரச் சேர நீளும் மொழிக்கு 14 போதாது. நிர்வாகப் பலகத்தில் அதை 40 அளவுக்கு உயர்த்துங்கள், குறைந்தபட்சத்தை 2 ஆக்குங்கள். இன்டெக்ஸ் கொஞ்சம் பெருகும். அதைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. பழைய பதிவுகள் பழைய விதிப்படிதான் இன்டெக்ஸில் இருக்கும். பிஎச்பிபிபியில் பராமரிப்புப் பகுதிக்குப் போய்த் தேடல் இன்டெக்ஸை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் நேரடியாக மாற்றினால் சர்வரை மறுதொடக்கம் செய்து, முழுஉரை இன்டெக்ஸை அழித்து மீண்டும் கட்ட வேண்டும். பெரிய மன்றத்தில் இதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் தேடல் அரைகுறையாக வேலை செய்யும். ஆள்நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள், முன்னதாக ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கோடும் புள்ளியும் இதே சிக்கலைக் கிளப்பும். "வை-ஃபை" என்று தேடினால் பல தேடல்கள் அதை "வை", "ஃபை" என்று இரண்டாக உடைக்கும். "வை" 2 குறிகள்தான், விடுபட்டுவிடும். பதிப்பு எண் 10.5 என்பது 10 ஆகவும் 5 ஆகவும் உடைந்து, இரண்டுமே காணாமல் போகலாம். இப்படிப்பட்ட சொற்களை இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். அப்படியும் வராவிட்டால் எண்ணை விட்டுவிட்டு, அதனுடன் வரக்கூடிய வேறொரு சொல்லைப் போடுங்கள். சொல்லுக்கு முன்னால் இடைவெளி விட்டு இடைக்கோடு வந்தால் "இது வேண்டாம்" என்று பொருள்படும் தேடல்களும் உண்டு. பிழைச் செய்தியை அப்படியே ஒட்டும்போது இதைக் கவனியுங்கள்.

"பல்" என்று தேடினால் "பல" என்ற சொல் உள்ள பதிவுகளும் குவிகின்றனவா? அந்தத் தேடல், புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக ஏற்காமல் சொல்லை அங்கேயே வெட்டுகிறது. தேடுபவர் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நிர்வாகிதான் தேடல் நீட்சியை மாற்ற வேண்டும்.

அறிகுறி: எல்லாப் பதிவிலும் இருக்கும் சொல், ஆனால் "மிகப் பொதுவான சொல்" என்று ஒதுக்கப்படுகிறது

பிஎச்பிபிபியில் பொதுச்சொல் வரம்பு என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக 5 சதவீதம். அதற்கு மேற்பட்ட பதிவுகளில் வரும் சொல்லைத் தேடல் கண்டுகொள்ளாது. 100 பதிவுகளைத் தாண்டிய பிறகுதான் இந்த வரம்பு வேலை செய்யும். ஆகவே மன்றம் தொடங்கிய புதிதில் ஒழுங்காக இருந்த தேடல், மன்றம் வளர்ந்ததும் கெட்டுவிட்டதாகத் தோன்றும். கேமரா பற்றிய மன்றத்தில் "கேமரா" என்ற சொல்லே ஒதுக்கப்படும். வரம்பை 0 ஆக்கினால் இது அணைந்துவிடும்.

மைஐசாம் டேபிளில் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இயல்பான தேடல் முறையில், பாதிக்கும் மேற்பட்ட வரிசைகளில் வரும் சொல் கணக்கில் எடுக்கப்படாது. இரண்டு மூன்று சோதனைப் பதிவுகளை மட்டும் போட்டுத் தேடிப் பார்க்கும் நிர்வாகிக்கு எந்தச் சொல்லும் கிடைக்காமல் போவது இதனால்தான். குறைந்தது சில டஜன் பதிவுகளை ஏற்றிய பிறகே சோதியுங்கள்.

அறிகுறி: ஒட்டினால் கிடைக்கிறது, தட்டினால் கிடைக்கவில்லை

திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு சொற்கள் உள்ளே வேறுவேறாக இருக்கின்றன என்று பொருள். தமிழில் இது நான்கு இடங்களில் அடிக்கடி நடக்கிறது.

"கொ" போன்ற எழுத்துகளில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஓகாரக் குறிக்கும் இதே நிலைதான். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் தேடல் மென்பொருள் அந்த விதிப்படி எழுத்துகளைச் சீராக்காவிட்டால் "கோப்பு" என்ற ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கும். நிர்வாகி செய்ய வேண்டியது: பதிவு சேமிக்கப்படும்போதும், தேடல் சொல் உள்ளே வரும்போதும், இரண்டு இடத்திலும் என்எஃப்சி சீராக்கத்தை (சமமான குறிவரிசைகளை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறையை) ஓட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் செய்தால் பயன் இல்லை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைப் பயன்படுத்தும் மன்றம் என்றால் அதன் ஐசியு நீட்சி இதைச் செய்து கொடுக்கும்.

ஔகாரம் இன்னும் தொல்லை. "மௌனம்" என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக, கொம்பு போட்டுப் பின்னால் "ள" என்ற எழுத்தைத் தட்டுபவர்கள் நிறைய. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதை எந்தச் சீராக்கமும் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். தேடும்போது இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

"ஸ்ரீ" என்பதற்கு இரண்டு குறிவரிசைகள் புழக்கத்தில் இருக்கின்றன: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தெரியும். அடுத்தது, சில விசைப்பலகைகளும் வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும் பழக்கமும் சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறிகளைச் செருகிவிடும். பதிவைச் சேமிக்கும்போதே இவற்றை வடிகட்டிவிடலாம்.

பழைய பதிவு முழுக்க பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டிஸ்கி, டாப் போன்ற குறிமுறையில் எழுதப்பட்டது. குறிமுறை மாற்றியில் ஒட்டிப் படித்துக்கொள்ளலாம். மட்டுறுத்துநராக இருந்தால், மாற்றிய தமிழை அந்தப் பதிவின் கீழேயே சேர்த்துவிடுங்கள். நல்ல பதில்கள் பல அந்தக் காலத்துப் பதிவுகளில்தான் தேடலுக்கு எட்டாமல் கிடக்கின்றன.

அறிகுறி: சில திரிகள் வருகின்றன, வர வேண்டிய மற்றவை வரவில்லை

"மடிக்கணினி" என்று தேடினால் "மடிக்கணினியில்", "மடிக்கணினிக்கு", "மடிக்கணினியை" என்று எழுதியவர்களின் பதிவுகள் வராது. முழுச்சொல் பொருத்தம் பார்க்கும் தேடலுக்கு அவை எல்லாம் தனித்தனிச் சொற்கள். சந்தி சேர்ந்தாலும் அப்படியே. "கோப்புத் திறக்கவில்லை" என்று ஒற்று மிகுத்து எழுதியவரின் பதிவில் இருப்பது "கோப்புத்", நீங்கள் தேடுவது "கோப்பு".

சொல்லின் மீதி எதுவாகவும் இருக்கலாம் என்று காட்டும் நட்சத்திரக் குறியை ஏற்கும் தேடல் என்றால் சொல்லை எங்கே வெட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கோப்பு*" என்று போட்டால் "கோப்புத்", "கோப்புகள்" கிடைக்கும். "கோப்பை", "கோப்பில்" கிடைக்காது, ஏனென்றால் அங்கே உகரக் குறி போய் வேறு குறி வந்துவிட்டது. "கோப்ப*" என்று உகரத்தையும் விட்டுவிட்டு வெட்டுங்கள், எல்லாம் வரும். "ம்" என்று முடியும் சொற்கள் வேறு மாதிரி. "படம்" என்பது "படத்தை", "படத்தில்" என்று மாறும். "பட*" என்று வெட்டினால் படி, படை, படுக்கை எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். "படம்" ஒரு தேடல், "படத்த*" இன்னொரு தேடல் என்று இரண்டாகச் செய்யுங்கள். "படங்கள்" தேவையென்றால் மூன்றாவதாக "படங்க*".

நட்சத்திரத்தை ஏற்காத தேடலில், வேற்றுமை ஏறாத சொல்லைத் தேர்ந்தெடுப்பதே வழி. மாடல் எண், பிழை எண், நிறுவனப் பெயர் போன்றவை அவ்வளவாக மாறுவதில்லை.

நிர்வாகிக்கு: போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 12-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல், தமிழ்ச் சொற்களின் ஈற்றை வெட்டும் வசதி கூடவே வருகிறது. மன்றத்தின் தேடல் ஆங்கில அமைப்பிலோ, சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் எளிய அமைப்பிலோ இருந்தால் அது பயன்படாது. எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.7 முதல் சொல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி இன்டெக்ஸ் செய்யும் என்கிராம் முறை இருக்கிறது. சொல்லின் எந்தப் பகுதியைப் போட்டாலும் பிடிக்கும், ஆனால் தேவையற்ற முடிவுகளும் பெருகும்.

அறிகுறி: மன்றத்தில் இதைப் பற்றி யாருமே பேசவில்லை போலத் தெரிகிறது

பேசியிருப்பார்கள், வேறு பெயரில். பிரிண்டர், பிரின்டர், ப்ரிண்டர், அச்சுப்பொறி, அச்சுப்பொறிக்கு ஆங்கில எழுத்தில் ஒன்று என்று ஒரு பொருளுக்கு ஐந்து எழுத்துக்கூட்டல்கள். வைஃபை, வைபை, அருகலை. ஃபோன், போன், கைபேசி, அலைபேசி. ஆய்த எழுத்தைப் போடுபவர்கள் ஒரு கூட்டம், விடுபவர்கள் ஒரு கூட்டம். மூன்று வடிவங்களையாவது முயலாமல் "இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். அவற்றில் ஒன்று ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

இதைவிட ஆழமான ஒன்று: அனுபவசாலி காரணத்தின் பெயரில் எழுதுகிறார், புதியவர் அறிகுறியின் பெயரில் தேடுகிறார். "ஸ்பூலர் சேவையை மறுதொடக்கம் செய்வது எப்படி" என்று தலைப்பு வைத்த அருமையான திரி இருக்கும். தேடுபவருக்கு, அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தும் ஸ்பூலர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர் தட்டுவது "பிரிண்ட் கொடுத்தால் வரவில்லை". விடை தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கும் பதில் அது. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. தேடுபவர் இதை ஓரளவு சமாளிக்கலாம்: திரையில் தெரியும் பிழைச் செய்தியில் உள்ள சொற்களை அப்படியே போடுங்கள். அது காரணம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒன்றுதான்.

நிர்வாகி, தேடல் மென்பொருளில் ஒருபொருள் சொற்பட்டியல் வைக்க முடிந்தால், மேலே சொன்னவற்றை முதலில் அதில் ஏற்றுங்கள். ஐம்பது வரிகள் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: ஆயிரக்கணக்கில் முடிவுகள்

தலைப்பில் மட்டும் தேடும் தேர்வைப் போடுங்கள். டிஸ்கோர்ஸில் முதல் பதிவில் மட்டும் தேடுவதற்கும், தீர்வு குறிக்கப்பட்ட திரிகளை மட்டும் காட்டுவதற்கும் மேம்பட்ட தேடலில் தேர்வுகள் உண்டு. பொருத்தத்தின்படி வரிசையா, தேதியின்படி வரிசையா என்று பாருங்கள். மென்பொருள் பற்றிய கேள்விக்குத் தேதி வரிசை நல்லது, அடிப்படைக் கருத்து பற்றிய கேள்விக்குப் பொருத்த வரிசை.

அறிகுறி: "சில நொடிகள் கழித்து மீண்டும் தேடுங்கள்"

அடுத்தடுத்த தேடல்களுக்கு நடுவே நிர்வாகி வைத்த இடைவெளி இது. புதியவருக்கு முதல் தேடலில் சரியான சொல் அமையாது. மூன்று நான்கு முறை மாற்றி மாற்றித் தட்டுவார். இரண்டாவது முறையே கதவை அடைத்தால் அவர் நேராகக் கேள்வி கேட்கப் போய்விடுவார். விருந்தினருக்கான இடைவெளியை 5 நொடிக்குள் வையுங்கள். சர்வர் தாங்காது என்றால் சர்வரைப் பாருங்கள்.

அறிகுறி: மன்றத் தேடலை நம்பாமல் வெளித் தேடுபொறிக்குப் போனாலும் கிடைக்கவில்லை

கூகுளில் "சைட்" (site) என்ற ஆங்கிலச் சொல், உடனே முக்காற்புள்ளி, உடனே மன்றத்தின் முகவரி, பிறகு இடைவெளி விட்டுத் தேடல் சொற்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாது. மிக அதிகமாக நடக்கும் தவறு அதுதான். ஒரு சொல் கட்டாயம் வர வேண்டும் என்றால் மேற்கோள் போடுங்கள். கூட்டல் குறி போடும் பழைய வழி 2011-இல் நீக்கப்பட்டுவிட்டது. "ஆஃப்டர்", "பிஃபோர்" என்ற கட்டளைகளுடன் ஆண்டைச் சேர்த்தால் காலத்தைச் சுருக்கலாம். கூகுள் சொற்களைத் தானே மாற்றிக்கொள்கிறது என்று தோன்றினால், கருவிகள் பட்டியலில் உள்ள "வெர்பாட்டிம்" தேர்வைப் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து மட்டும் முடிவுகள் வராவிட்டால், முதல் சோதனையில் சொன்ன உள்நுழைவுச் சுவர் அங்கே இருக்கிறது, அல்லது தேடுபொறிகள் எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பகுதி தடுக்கப்பட்டிருக்கிறது. உதவிப் பகுதிகளை விருந்தினரும் படிக்கும்படி திறந்து வைப்பது நிர்வாகி செய்யக்கூடிய மிக மலிவான திருத்தம். எழுத மட்டும் உள்நுழைவு கேளுங்கள்.

அறிகுறி: திரி கிடைத்தது, உள்ளே "தேடிப் பாருங்கள்" என்ற பதில் மட்டுமே இருக்கிறது

தேடும் ஆளுக்கு இதைவிடச் சலிப்பு தரும் அனுபவம் இல்லை. அதே கேள்வி, அதே சொற்கள், தலைப்பும் அதே. ஆகவே தேடல் அதைத்தான் முதலில் கொண்டுவந்து வைக்கிறது. "தேடிப் பாருங்கள்" என்று மட்டும் பதில் எழுதும் ஒவ்வொரு முறையும், அடுத்து தேடுபவரின் முடிவுகளில் ஒரு வெற்றுத் திரி கூடுகிறது.

மட்டுறுத்துநர் இத்தகைய திரிகளை அழிக்க வேண்டாம். புதியவர்களின் சொற்களில் எழுதப்பட்ட தலைப்பு அது. அதைப் பூட்டிவிட்டு, முதல் பதிவின் மேற்பகுதியில் சரியான பதிலுக்கு இணைப்புக் கொடுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் நகல் கேள்விகளை மூடி, மூலக் கேள்வியைக் காட்டும் வழிகாட்டிப் பலகையாக விட்டுவைப்பது இதற்காகத்தான். திரிகளை ஒன்றாக இணைப்பதையும் தவிர்க்கலாம். இணைத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் எல்லாப் பதிவுகளையும் தேதிவாரியாக அடுக்கிவிடும். எந்தப் பதில் யாருடைய கேள்விக்கு என்பதே புரியாமல் போகும்.

அறிகுறி: ஒரே கேள்வி வாரந்தோறும் வருகிறது

இது இணையத்தில் புதிய நோய் இல்லை. இன்றைய மன்றங்களுக்கு முன்னோடியான யூஸ்நெட் காலத்தில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேர்ந்து, கேட்டதையே கேட்பார்கள். ஓரிரு மாதங்களில் பழகிவிடுவார்கள். 1993-க்குப் பிறகு பொதுமக்களுக்கான இணையச் சேவைகள் வழியாக ஆட்கள் வருவது நிற்கவே இல்லை, அதை "முடிவில்லாச் செப்டம்பர்" என்றார்கள். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்துக் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி இடும் வழக்கமும் யூஸ்நெட்டில்தான் வேரூன்றியது. அங்கே பதிவுகள் சில நாளில் காலாவதியாகி மறைந்துவிடும் என்பதால் தேடச் சொல்லிப் பயன் இருக்கவில்லை.

முதல் வேலை தலைப்புகள். "அவசரம், உதவுங்கள்" என்று வரும் திரியின் தலைப்பை மட்டுறுத்துநர் அன்றே மாற்ற வேண்டும். பொருள், அறிகுறி, எப்போது தொடங்கியது என்ற மூன்றும் இருக்கட்டும்: "புதுப்பித்த பிறகு பிரிண்டர் ஆஃப்லைன் என்றே காட்டுகிறது". காரணம் தெரிந்த பிறகும் தலைப்பில் அறிகுறியை எடுத்துவிட்டுக் காரணத்தைப் போடாதீர்கள். வேண்டுமானால் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, படங்கள். புதியவர் பிழைச் செய்தியைத் திரைப்பிடிப்பாகப் போடுவார். படத்தில் உள்ள எழுத்து இன்டெக்ஸில் ஏறாது. அடுத்த நபர் அதே பிழைச் செய்தியைத் தட்டித் தேடினால் இந்தத் திரி வராது. படத்துக்குக் கீழே பிழைச் செய்தியை எழுத்தாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை. இந்தப் பட்டியலிலேயே உழைப்புக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

மூன்றாவது, ஒரு கேள்விக்கு ஒரு நிலையான பதில் திரி. அதன் முதல் வரியில் அறிகுறியை மூன்று நான்கு விதமாக எழுதுங்கள். சொற்களை நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, இதுவரை வந்த நகல் கேள்விகளின் தலைப்புகளிலிருந்தே எடுங்கள். அடுத்து எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும், கடைசியாகச் சரிபார்த்த மாதமும் ஆண்டும், பிறகு படிகள், இறுதியில் "இதற்குப் பின்னும் சரியாகாவிட்டால் புதுத் திரியில் இன்னின்ன விவரம் தாருங்கள்". பலரும் திருத்தும்படி விக்கிப் பதிவாக வையுங்கள். ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அவர் மன்றத்தைவிட்டுப் போனதும் பதில் பழசாகிவிடும்.

நான்காவது, எச்சரிக்கையை வைக்கும் இடம். விதிகள் பக்கத்தில் "கேட்குமுன் தேடுக" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். தலைப்பைத் தட்டத் தொடங்கியதும் ஒத்த திரிகளைக் காட்டும் வசதி டிஸ்கோர்ஸ் போன்ற மென்பொருள்களில் இருக்கிறது. அதை முடுக்கிவிடுங்கள். தலைப்புகள் ஒழுங்காக இருந்தால்தான் அதுவும் பயன்படும், ஆகவே முதல் வேலையைச் செய்துவிட்டு இதற்கு வாருங்கள். உதவிப் பகுதியில் புதுத் திரி திறந்ததும் மாடல், பதிப்பு, செய்து பார்த்தவை, பிழைச் செய்தி என்ற நான்கு வரிகள் முன்கூட்டியே நிரம்பியிருக்கட்டும். பதினைந்து வரிகள் கேட்டால் எல்லோரும் அழித்துவிட்டு "உதவி" என்று எழுதுவார்கள்.

ஐந்தாவது, தேடல் பதிவேடு. டிஸ்கோர்ஸ் நிர்வாகப் பகுதியில் என்ன சொற்கள் தேடப்பட்டன, எத்தனை பேர் முடிவைச் சொடுக்கினார்கள் என்று பார்க்கலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளில், தேடல் சொல் பக்க முகவரியில் வருமானால் சர்வர் பதிவேட்டிலிருந்து வடித்தெடுக்கலாம். அதிகம் தேடப்பட்டு யாரும் சொடுக்காத இருபது சொற்களை மாதம் ஒருமுறை எடுங்கள். ஒவ்வொன்றையும் நீங்களே தேடிப் பாருங்கள். சரியான திரி வராவிட்டால் அந்தச் சொல்லை அதன் தலைப்பிலோ முதல் வரியிலோ சேருங்கள்.

கேள்விக்குப் பதில் எழுதுபவருக்கு ஒரு வடிவம்:

"வணக்கம். பிரிண்டர் வரிசையில் சிக்கிய ஒரு வேலை மற்றவற்றைத் தடுக்கிறது, வரிசையைக் காலிசெய்தால் சரியாகும். படிகள் இந்தப் பதிவில் உள்ளன. 'ஆஃப்லைன்' என்று தேடினால் இது வரும். இதைச் செய்தும் வராவிட்டால் மாடலைச் சொல்லுங்கள், பார்க்கலாம்."

ஒரு வரியில் பதில், திரியின் முதல் பக்கத்துக்கு அல்லாமல் சரியான பதிவுக்கே இணைப்பு, எந்தச் சொல்லில் அது கிடைக்கும் என்ற தகவல். தேடக் கற்றுக்கொடுப்பது இந்த மூன்றாவது வரிதான்.

நகல் என்று முத்திரை குத்துமுன் பதிப்பைப் பாருங்கள். அறிகுறி ஒன்றாக இருந்து காரணம் வேறாக இருப்பது சாதாரணம். பழைய பதிலுக்கு அனுப்பி, அது வேலை செய்யாமல் திரும்பி வருபவர் மறுமுறை தேடமாட்டார்.

அறிகுறி: ஒட்டிவைத்த திரியை யாரும் படிப்பதில்லை

எண்ணிப் பாருங்கள். ஏழெட்டுத் திரிகள் பகுதியின் உச்சியிலேயே எப்போதும் நிற்கும்படி ஒட்டிவைக்கப்பட்டிருந்தால் கைபேசித் திரையில் முதல் பக்கம் முழுவதும் அவையே நிற்கும். கண் அவற்றைத் தாண்டிப் பழகிவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டுக்கு மேல் வேண்டாம். "முக்கிய அறிவிப்பு" என்ற தலைப்பை எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதோ அதையே தலைப்பாக்குங்கள்.

அறிகுறி: பதில் முன்னூறு பக்கத் திரிக்குள் இருக்கிறது

"முழுத் திரியையும் படியுங்கள்" என்பது நடக்கிற காரியம் இல்லை. தேடுபவர், "இந்தத் திரிக்குள் தேடு" என்ற பெட்டி இருக்கிறதா பாருங்கள். பிஎச்பிபிபியில் திரியின் மேலேயே இருக்கும். அதில் பிழை எண்ணையோ மாடலையோ போடுங்கள். கிடைத்த பதிவிலிருந்து அடுத்த இரண்டு பக்கங்களையும் படியுங்கள், தீர்வு பெரும்பாலும் கேள்விக்குப் பின்னால்தான் வரும்.

மட்டுறுத்துநர், முதல் பதிவைத் திருத்தித் துணைத்தலைப்புவாரியாகப் பதிவு இணைப்புகளைச் சேருங்கள். பக்க எண்ணைக் குறிக்காதீர்கள். ஒரு பக்கத்தில் எத்தனை பதிவு என்பதை உறுப்பினரோ நிர்வாகியோ மாற்றினால் எண்கள் எல்லாம் இடம்மாறும். பதிவின் நிலையான இணைப்பு மாறாது. தனியாக நிற்கக்கூடிய கிளைப்பேச்சுகளைப் புதுத் திரியாகப் பிரித்து, அறிகுறியைத் தலைப்பாக வையுங்கள்.

அறிகுறி: பதிலில் உள்ள இணைப்பு செத்துவிட்டது

அந்த முகவரியை, பழைய இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் ஒட்டிப் பாருங்கள். கூகுளின் தற்காலிகச் சேமிப்புப் பக்கங்கள் 2024-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால் அந்த வழி இனி இல்லை. கிடைத்தால், சாரத்தை நான்கு வரியில் அந்தத் திரியிலேயே எழுதிவிடுங்கள். பழைய திரியில் பதில் எழுத அனுமதி இல்லையென்றால் மட்டுறுத்துநருக்குப் புகார்ப் பொத்தான் வழியாகத் தெரிவியுங்கள். மன்றமே வேறு மென்பொருளுக்கு மாறியதால் உள் இணைப்புகள் உடைந்திருந்தால், பழைய முகவரி வடிவத்தைப் புதியதற்குத் திருப்பிவிடும் விதியை நிர்வாகி சர்வரில் எழுத வேண்டும். பழைய திரி எண்களையும் புதிய திரி எண்களையும் இணைக்கும் பட்டியலை மாற்றத்தின்போதே சேமித்து வையுங்கள். பிறகு உருவாக்குவது மிகக் கடினம்.